மலிவான அகச்சிவப்புக் கேமராவுக்கு எந்தக் குறைகடத்தி?

பருப்போடு கலந்துவிட்ட அதே நிறக் கல்லைக் கண் எளிதில் பிரித்தறியாது. சாதாரண சிலிக்கான் கேமராவும் தடுமாறும். 1,450 நானோமீட்டர் அலைநீளத்தில் பார்க்கும் கேமராவுக்கோ அது ஒரு வேலையே இல்லை. அந்த ஒளியை நீர் பலமாக உறிஞ்சுகிறது. நன்றாகக் காய்ந்த பருப்பிலும் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஈரம் தங்கியிருக்கிறது. கல்லில் அது இல்லை. ஆகவே பருப்பு கறுத்தும் கல் வெளுத்தும் தெரியும்.

இப்படிப்பட்ட கேமரா சந்தைக்கு வந்து ஆண்டுகள் பல ஆகின்றன. ஆனால் சிலிக்கான் கேமராவைச் சில ஆயிரங்களுக்கு வாங்கிவிடலாம், இதற்கோ லட்சங்களில் எடுத்துவைக்க வேண்டும். அதனால்தான் இருவகையினர் ஏறத்தாழ ஒரே கேள்வியோடு என்னிடம் வருகிறார்கள். ஒருவகையினர், தானியத்திலிருந்து கல்லையும் கழிவையும் கேமராவால் பார்த்துப் பிரிக்கும் கலர் சார்ட்டர் இயந்திரம் செய்யும் சிறு தொழில்முனைவோர். இன்றைய அகச்சிவப்புக் கேமராக்களில் இருக்கும் இண்டியம் காலியம் ஆர்சனைடு என்ற குறைகடத்தியை விட்டால் வேறு கதியே இல்லையா என்பது அவர்கள் கேள்வி. மற்றவர்கள் முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள். குவாண்டம் புள்ளியில் இறங்குவதா, ஜெர்மானியம்-வெள்ளீயக் கலவையில் இறங்குவதா என்று கேட்கிறார்கள். இருவருக்கும் என் பதில் வேறு வேறு. எடைபோடும் தராசு மட்டும் ஒன்றுதான்.

## தராசை எடுக்கும் முன்: எந்த அகச்சிவப்பு?

அகச்சிவப்பு என்பது ஒற்றை ஒளி அல்ல. 1 முதல் 2.5 மைக்ரோமீட்டர் வரையுள்ள குற்றலைப் பகுதியில் நாம் பார்ப்பது, விளக்கோ சூரியனோ வீசிய ஒளி பொருளின்மீது பட்டுத் திரும்புவதை. 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையுள்ள நெட்டலைப் பகுதியில் பார்ப்பது, பொருள் தன் வெப்பத்தால் தானே உமிழ்வதை. மனித உடல் உமிழும் கதிர்வீச்சின் உச்சம் 9.3 மைக்ரோமீட்டர் அருகே விழுகிறது, 1.5 மைக்ரோமீட்டரில் உடல் ஏறக்குறைய எதையுமே உமிழ்வதில்லை. காய்ச்சலைக் கண்டறிய வேண்டும் என்று கேட்டு வந்து, குற்றலைக் கேமராவின் விலையை விசாரித்துக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு குறைகடத்தி எந்த அலைநீளம் வரை பார்க்கும் என்பதை அதன் ஆற்றல் இடைவெளியே, அதாவது அதிலுள்ள எலக்ட்ரானை விடுவிக்க ஒளி தர வேண்டிய குறைந்தபட்ச ஆற்றலே, முடிவுசெய்கிறது. 1.24 என்ற எண்ணை, எலக்ட்ரான் வோல்ட்டில் சொல்லப்படும் அந்த இடைவெளியால் வகுத்தால் எல்லை அலைநீளம் மைக்ரோமீட்டரில் கிடைத்துவிடும். சிலிக்கானுக்கு 1.12, ஆகவே 1.1 மைக்ரோமீட்டரோடு அதன் பார்வை முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் சிலிக்கான் கண்ணாடிபோல் ஊடுருவவிடும் பொருள். கண்ணுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியாகப் பளபளக்கும் ஒரு சிலிக்கான் வேஃபரை, அதாவது சிப் செய்யும் மெல்லிய வட்டத் தகட்டை, குற்றலைக் கேமராவின் முன் பிடித்தால், அதற்குப் பின்னால் இருக்கும் கையின் விரல்கள் திரையில் தெரியும். முதல்முறை பார்ப்பவர்கள் வேஃபரை ஒருமுறை திருப்பிப் பார்ப்பது வழக்கம்.

இந்தக் கட்டுரை பெரும்பாலும் குற்றலைப் பகுதியைப் பற்றியது. விலை குறைந்தால் பயன் உடனே பெருகும் இடம் அதுதான். சாதாரண ஒளியியல் கண்ணாடி லென்ஸே அங்கே போதும் என்பதும், ஒளிக்கு ஹாலஜன் விளக்கே போதும் என்பதும் அதற்குக் காரணங்கள்.

## அளவுகோல்கள்

முதலாவது, இருட்டு மின்னோட்டம். ஒளியே படாதபோதும் உணரியில் ஓடும் இந்த மின்னோட்டம்தான் இரைச்சலுக்கு மூலம். ஆற்றல் இடைவெளி சிறுக்கச் சிறுக்க அது பெருகும். வெப்பநிலை ஏறஏற இன்னும் பெருகும். ஏறத்தாழ 8 முதல் 10 பாகை செல்சியஸ் ஏறும்போதெல்லாம் அது இரட்டிப்பாகிறது. 25 பாகையில் எடுத்த அளவீட்டை ஆய்வுக் கட்டுரையில் படித்துவிட்டு, மே மாதத்தில் அரிசி ஆலைக்குள் 55 பாகையில் கொதிக்கும் இயந்திரப் பெட்டியில் அதே உணரியை வைத்தால், இரைச்சலின் மூலம் ஏறத்தாழ எட்டு முதல் பதின்மூன்று மடங்காகிவிடும். குளிரூட்டியைச் சேர்த்தால் அதன் விலையும் மின்செலவும் கூடவே வரும்.

இரண்டாவது, சிலிக்கானோடு சேரும் விதம். எந்த உணரியானாலும், ஒவ்வொரு பிக்சலிலும் சேரும் மின்னூட்டத்தை எண்ணிச் சொல்லும் சுற்று சிலிக்கானில்தான் இருக்கிறது. ஒளியை உண்ணும் பொருளை அந்தச் சிலிக்கானின்மேல் எப்படி உட்காரவைப்பது என்பதில்தான் விலையின் பெரும்பகுதி ஒளிந்திருக்கிறது. என் கணிப்பில் நான்கு அளவுகோல்களில் மிகக் கனமானது இதுவே. புதுப் பொருளைத் தேடும் ஆய்வாளர்கள் பலர் கடைசியாக யோசிப்பதும் இதைத்தான்.

மூன்றாவது, சீர்மையும் ஆயுளும். லட்சக்கணக்கான பிக்சல்கள் ஒன்றுபோல் நடந்துகொள்ள வேண்டும், அடுத்த ஆண்டும் அப்படியே நடந்துகொள்ள வேண்டும். நான்காவது, மூலப்பொருளின் வரத்தும் சட்டமும். நச்சு உலோகம் உள்ளதா, யாருடைய ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் சிக்கியிருக்கிறது என்பன இதில் அடங்கும்.

## இண்டியம் காலியம் ஆர்சனைடு

இதுவே இன்றைய அளவுகோல். 53 விழுக்காடு இண்டியமும் 47 விழுக்காடு காலியமும் என்ற விகிதத்தில் கலந்தால், இந்தப் பொருளின் அணுக்களின் இடைவெளி இண்டியம் பாஸ்பைடு வேஃபரோடு சரியாகப் பொருந்துகிறது. ஆகவே குறைபாடு மிகக் குறைந்த படிகம் வளர்கிறது. எல்லை 1.7 மைக்ரோமீட்டர். விழும் ஒளியில் 80 விழுக்காட்டுக்கு மேல் மின்னோட்டமாக மாறும். அறை வெப்பநிலையில் இருட்டு மின்னோட்டம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நானோஆம்பியர் அளவில் நிற்கும். புதிதாக வரும் எந்தப் பொருளும் இந்த எண்ணோடுதான் மோத வேண்டும்.

பிறகு ஏன் விலை? ஒளியை உண்ணும் அடுக்கின் தடிமன் சில மைக்ரோமீட்டர்தான். அதிலுள்ள இண்டியத்தின் விலை சில்லறை. செலவு மற்ற இடங்களில் இருக்கிறது. சிலிக்கான் வேஃபர் 12 அங்குல விட்டத்தில் வரும்போது, இண்டியம் பாஸ்பைடு பெரும்பாலும் 2 முதல் 4 அங்குலத்தில்தான் வருகிறது. எளிதில் உடையவும் செய்கிறது. 4 அங்குலத்துக்கும் 12 அங்குலத்துக்கும் பரப்பில் ஒன்பது மடங்கு வித்தியாசம். அதன்பின், உணரித் துண்டையும் சிலிக்கான் துண்டையும் முகத்தோடு முகம் வைத்து, பிக்சலுக்கு ஒன்றாக இண்டிய உலோகப் பொட்டுகளால் அழுத்தி ஒட்ட வேண்டும். 640-க்கு 512 பிக்சல் கொண்ட உணரியில் இப்படி மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பொட்டுகள். ஒவ்வொரு துண்டாகச் செய்யும் வேலை இது. ஓரத்தில் ஒரு தூசு நுழைந்தாலும் அந்தத் துண்டு கழிவுப் பெட்டிக்குப் போகும்.

இந்த முட்டுக்கட்டையைச் சோனி 2020-இல் வேறு வழியில் தாண்டியது. பொட்டுகளுக்குப் பதிலாகச் செம்பையும் செம்பையும் நேரடியாக இணைத்து, 5 மைக்ரோமீட்டர் பிக்சல் உள்ள உணரியை அறிவித்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியிலிருந்து 1.7 மைக்ரோமீட்டர் வரை அதே உணரி பார்க்கிறது. பிக்சல் சிறுத்தால் அதே வேஃபரில் அதிக உணரிகள் தேறும். பழைய பொருள் மலிவாகும் வழி பொருளை மாற்றுவதில் அல்லாமல் ஒட்டுவதை மாற்றுவதில் இருந்தது என்பதைப் புதுப் பொருள் தேடுவோர் கவனிக்க வேண்டும்.

மறைசெலவுகள் இரண்டு. 1.7-ஐத் தாண்ட வேண்டுமானால் இண்டியத்தின் பங்கைக் கூட்ட வேண்டும். கூட்டினால் படிகப் பொருத்தம் கெட்டு, இருட்டு மின்னோட்டம் பல மடங்கு ஏறி, குளிரூட்டல் கட்டாயமாகிறது. மற்றொன்று வரத்து: சீனா 2023 ஆகஸ்டில் காலியத்தையும் ஜெர்மானியத்தையும், 2025 பிப்ரவரியில் இண்டியம் பாஸ்பைடையும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது.

## காரீய சல்பைடு குவாண்டம் புள்ளிகள்

சில நானோமீட்டர் விட்டமுள்ள படிகத் துகள்கள் இவை. திண்மக் காரீய சல்பைடின் ஆற்றல் இடைவெளி 0.41 எலக்ட்ரான் வோல்ட். துகளைச் சிறிதாக்கினால் இடைவெளி விரிகிறது. ஆகவே ஒரே வேதிப்பொருளை வைத்துக்கொண்டு, விட்டத்தை மட்டும் மாற்றி, 1 முதல் 2 மைக்ரோமீட்டர் வரை வேண்டிய எல்லையைத் தேர்ந்துகொள்ளலாம். 1,450 நானோமீட்டருக்கு ஏறத்தாழ 5 அல்லது 6 நானோமீட்டர் விட்டம். குவாண்டம் புள்ளிகளைக் கண்டறிந்து தொகுத்ததற்காக பவெண்டி, ப்ரூஸ், எகிமோவ் மூவருக்கும் 2023-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாவது அளவுகோலில் இதை எதுவும் அடித்துக்கொள்ள முடியாது. புள்ளிகள் ஆக்டேன் போன்ற கரைப்பானில் மிதக்கும் மை. குடுவையில் பார்த்தால் பால் விடாத காப்பி. சிலிக்கான் சிப்பின்மேல் சில துளிகளை விட்டு வேகமாகச் சுழற்றினால் படலம் பரவிவிடுகிறது. துகளைச் சுற்றியிருக்கும் ஒலியிக் அமிலத்தின் நீண்ட சங்கிலிகள் மின்னோட்டத்தைத் தடுப்பதால், அவற்றை அயோடைடு போன்ற குட்டையான அயனிகளால் மாற்ற வேண்டும். மொத்த வேலையும் 150 பாகைக்குள் முடிவதால் கீழே உள்ள சுற்றுக்குச் சேதமில்லை. ஒட்டும் பொட்டுகள் இல்லை. இண்டியம் பாஸ்பைடு இல்லை. பிக்சல் எவ்வளவு சிறிதாக இருக்கலாம் என்பதைச் சிலிக்கான் தொழில்நுட்பம் மட்டுமே முடிவுசெய்கிறது. பெல்ஜியத்தின் ஐமெக் என்ற சிப் ஆய்வு நிறுவனம் 1.82 மைக்ரோமீட்டர் பிக்சல் வரை இறங்கிக் காட்டியிருக்கிறது. பொருள் ஆய்வகத்தோடு நின்றுவிடவில்லை: அமெரிக்காவின் வட கரோலினாவில் இந்தக் கேமராக்களை விற்றுவந்த நிறுவனம் ஒன்றை ஆன்செமி என்ற சிப் நிறுவனம் 2024-இல் வாங்கியது.

இப்போது குறைகள். இருட்டு மின்னோட்டம் இண்டியம் காலியம் ஆர்சனைடைவிட நூறு மடங்குக்கு மேல், சில வேளைகளில் ஆயிரம் மடங்கு. பலமான விளக்கின் கீழ் ஓடும் கன்வேயருக்கு இது பொறுக்கக்கூடியது, இரவு வானத்தின் மங்கிய ஒளியில் படமெடுக்க ஆகாது. ஆயுள் இதைவிடப் பெரிய தலைவலி. மாணவனாக இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை மாலை நல்ல படலம் ஒன்றை அளந்து முடித்து, நைட்ரஜன் பெட்டிக்குள் திருப்பி வைக்கச் சோம்பல்பட்டு, சாதாரண உலர்கலத்தில் வைத்துவிட்டுப் போனேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால், உறிஞ்சல் முகடு குறைந்த அலைநீளத்தின் பக்கமாகப் பல நானோமீட்டர் நகர்ந்திருந்தது. காற்றிலுள்ள ஆக்சிஜன் துகளின் மேற்பரப்பைத் தின்றிருந்தது. உள்ளே மிஞ்சிய காரீய சல்பைடு சிறுத்ததால் ஆற்றல் இடைவெளி விரிந்துவிட்டது. உறை காற்றுப்புகாமல் இருந்தாக வேண்டும் என்ற பாடம் எனக்கு அப்படித்தான் வந்தது. விலைக்கணக்கில் மையின் விலையை மட்டும் எழுதி, உறையின் விலையை விட்டுவிடும் திட்ட அறிக்கைகளை நம்ப வேண்டாம்.

காரீயம் வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் அபாயப் பொருள் விதி, மின்னணுக் கருவியின் ஒவ்வொரு சீரான பகுதியிலும் எடையில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது என்கிறது. சில தொழிற்கருவிகளுக்கு விலக்கு உண்டு. கைப்பேசிபோன்ற நுகர்பொருளுக்கு அதை எதிர்பார்க்க முடியாது. ஆகவே காரீயமற்ற புள்ளிகளை நோக்கி ஆய்வு ஓடுகிறது: இண்டியம் ஆர்சனைடும் வெள்ளி டெல்லுரைடும் இப்போது முன்னணியில் உள்ளன. பார்சிலோனா அருகே உள்ள ஒளியணு அறிவியல் நிறுவனத்தார் வெள்ளி டெல்லுரைடில் வேலைசெய்யும் குற்றலை உணரியை 2024-இல் வெளியிட்டார்கள். காரீய சல்பைடு இன்று நிற்கும் இடத்தை இவை இன்னும் எட்டவில்லை. முனைவர் பட்ட மாணவருக்கு அதுவே நல்ல செய்தி.

## ஜெர்மானியமும் வெள்ளீயக் கலவையும்

ஜெர்மானியம் சிலிக்கானின் உறவுக்காரன். சிப் தொழிற்சாலைக்குள் நுழைய அதற்கு அனுமதிச்சீட்டு ஏற்கெனவே உண்டு. சிலிக்கான் வேஃபரின்மேல் நேரடியாக வளர்க்கலாம். ஆனால் இரண்டின் அணு இடைவெளிக்கும் 4.2 விழுக்காடு வேற்றுமை இருப்பதால், படிகத்தில் கோடுகோடாக முறிவுகள் விழுகின்றன; ஒவ்வொரு முறிவும் இருட்டு மின்னோட்டத்துக்கு ஒரு கசிவு. சதுர சென்டிமீட்டருக்கு மில்லிஆம்பியர் அளவு என்பது இதில் சாதாரணம். அதாவது இண்டியம் காலியம் ஆர்சனைடைவிடப் பல லட்சம் மடங்கு. ஒளித்துடிப்பை மிகக் குறுகிய நேரத்துக்கு மட்டும் திறந்து பார்க்கும் தொலைவளவிகளில் இது பெரிதாக உறுத்தாது. கசிவு சேர அங்கே நேரமே இல்லை. 1.4 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட லேசர் ஒளி விழித்திரையை எட்டுமுன் கண்ணின் முன்பகுதி நீரிலேயே பெரிதும் உறிஞ்சப்படுவதால், அத்தகைய கருவிகளுக்கு அந்த அலைநீளத்தின்மேல் ஆசை அதிகம்.

ஜெர்மானியத்தின் உறிஞ்சும் வலிமை 1.55 மைக்ரோமீட்டருக்கு அப்பால் சடாரென்று சரிகிறது. வெள்ளீயத்தைக் கலந்தால் எல்லை நீள்கிறது. ஏறத்தாழ 8 விழுக்காட்டைத் தொடும்போது பொருளின் இயல்பே மாறி, நேரடியாக ஒளியை உண்ணும் குறைகடத்தியாகிவிடுகிறது. இன்னும் கலந்தால் 2, 3 மைக்ரோமீட்டர் என்று போகலாம். சிக்கல் என்னவென்றால், ஜெர்மானியத்தில் வெள்ளீயம் இயல்பாகக் கரைவது 1 விழுக்காட்டுக்கும் குறைவு. எட்டை அடைக்க வேண்டுமானால், வெள்ளீய அணுக்கள் நகர்ந்து ஒதுங்க வாய்ப்பில்லாத 300 முதல் 400 பாகை என்ற குறைந்த வெப்பநிலையில், அவசரமாக வளர்க்க வேண்டும். வளர்ந்தபின் சூடாக்கிக் குறைபாடுகளை ஆற்றலாம் என்றால், வெள்ளீயம் மணிமணியாக மேலே பிதுங்கி வந்துவிடும்.

நீண்ட காலப் பந்தயமாகப் பார்த்தால் இதுவே அழகான வழி: நச்சு உலோகம் இல்லை, 12 அங்குல வேஃபர், ஏற்கெனவே இருக்கும் தொழிற்சாலை. இன்றைக்கு வாங்கலாமா என்றால், இல்லை.

## பழைய காரீயப் படலங்கள்

புதுமை தேடுவோர் இதை ஏளனமாகப் பார்ப்பார்கள். காரீய சல்பைடின் இயற்கைக் கனிமமான கலீனாவை உணரியாக்கி ஜகதீஷ் சந்திர போஸ் 1901-இல் விண்ணப்பித்து 1904-இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை, குறைகடத்திக் கருவிக்குக் கிடைத்த முதல் காப்புரிமையாகக் கருதப்படுகிறது. அந்தப் பொருள் இன்னும் ஓய்வு பெறவில்லை.

செய்முறை சமையலறைக்கு நெருக்கமானது. காரீய அசிடேட்டும் தயோயூரியாவும் சோடியம் ஹைட்ராக்சைடும் கலந்த முகவையில் கண்ணாடித் துண்டைச் செங்குத்தாக நிறுத்தினால், தெளிந்த நீர் தேநீர் நிறத்துக்கு மாறி, பிறகு கறுக்கும். வெளியே எடுத்துக் கழுவும்போது கண்ணாடியில் எஃகுபோல் மின்னும் படலம் ஒட்டியிருக்கும். ஆக்சிஜனில் சூடாக்கி உணர்திறனைக் கூட்டுகிறார்கள். குளிர்விக்காமலே 2.5 மைக்ரோமீட்டரைத் தாண்டிப் பார்க்கும். காரீய செலினைடு 4.5 மைக்ரோமீட்டர்வரை போகும். கரியமில வாயு உறிஞ்சும் 4.26 மைக்ரோமீட்டர் அதற்குள் வருவதால் வாயு உணரிகளிலும் தீயறிவிகளிலும் அதற்கு நிலையான இடம் உண்டு.

வேகம் குறைவு, தாழ் அதிர்வெண் இரைச்சல் அதிகம், படலத்துக்குப் படலம் குணம் மாறும். ஆகவே படமெடுக்க அல்ல, ஒற்றைப் புள்ளியில் அளக்கவே இது ஏற்றது. கழிவுநீரில் போகும் காரீயத்தைச் சேகரித்து ஒப்படைக்கும் செலவையும் கணக்கில் எழுத வேண்டும்.

## வெப்பத்தைப் பார்க்க வேண்டுமென்றால்

நெட்டலைப் பகுதியின் ராஜா பாதரச காட்மியம் டெல்லுரைடு. 1959-இல் இங்கிலாந்தின் மால்வெர்னில் பிறந்தது. தில்லியின் திட நிலை இயற்பியல் ஆய்வகம் பல்லாண்டுகளாக உழைத்த பொருளும் இதுவே. ஆனால் 77 கெல்வின் அளவுக்குக் குளிர்விக்கும் இயந்திரம் கூடவே வேண்டும் என்பதால், மலிவு என்ற சொல் இதற்குப் பொருந்தாது. மலிவுக்கு விடை வனேடியம் ஆக்சைடு அல்லது படிகமற்ற சிலிக்கானால் ஆன நுண்வெப்ப உணரிகள். வெப்பத்தால் மின்தடை ஒரு பாகைக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு மாறுவதை அளப்பதால் குளிரூட்டல் வேண்டாம். வெற்றிட உறையும் ஜெர்மானிய லென்ஸும்தான் அதன் மறைசெலவுகள். லென்ஸுக்கு மாற்றாகச் சால்கோஜெனைடு கண்ணாடி வருகிறது. இந்தத் துறை முதிர்ந்துவிட்டது. வாங்குங்கள், புதிதாகக் கண்டுபிடிக்கப் போக வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| பொருள் | எல்லை (மைக்ரோமீட்டர்) | அறை வெப்பநிலையில் இருட்டு மின்னோட்டம் | சிலிக்கானோடு சேர்ப்பது | கவனிக்க வேண்டிய மறைசெலவு |
|---|---|---|---|---|
| இண்டியம் காலியம் ஆர்சனைடு | 1.7 | மிகக் குறைவு | துண்டு துண்டாக ஒட்டுதல் | சிறு வேஃபர், வரத்து |
| காரீய சல்பைடு புள்ளிகள் | 1 முதல் 2, வேண்டியபடி | நூறு முதல் ஆயிரம் மடங்கு | மேலே பூசுதல் | காற்றுப்புகா உறை, காரீய விதி |
| சிலிக்கான்மேல் ஜெர்மானியம் | 1.55 | பல லட்சம் மடங்கு | மேலே வளர்த்தல் | சிப் தொழிற்சாலை அணுக்கம் |
| ஜெர்மானியம்-வெள்ளீயம் | 2 முதல் 3 | அதைவிடவும் மோசம் | மேலே வளர்த்தல் | இன்னும் ஆய்வகப் பொருள் |
| காரீயப் படலங்கள் | 2.5 முதல் 4.5 | ஒப்பிட முடியாது, மின்தடை வகை | பொதுவாகத் தனித்துண்டு | சீர்மையின்மை, கழிவு |

## யார் எதை எடுப்பது?

பருப்பு, வேர்க்கடலை, மருந்து மாத்திரை ஆகியவற்றில் ஈரத்தை வைத்துப் பிரிக்கும் இயந்திரம் செய்பவர், பொருள் ஆய்வில் இறங்க வேண்டியதில்லை. கன்வேயர் தானே நகர்வதால் முழுப் படச்சட்டகம் தேவையில்லை. 512 பிக்சல் ஒரே வரிசையில் உள்ள இண்டியம் காலியம் ஆர்சனைடு வரிசை உணரி போதும், அதன் விலையும் முழுச் சட்டக உணரியைவிடக் குறைவு.

பிளாஸ்டிக் பிரிப்பவர் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பெட் பாட்டிலின் அடையாளம் 1.66 மைக்ரோமீட்டரில் விழுகிறது. பாலிஎத்திலீனின் அடையாளமோ 1.73-இல், அதாவது இண்டியம் காலியம் ஆர்சனைடு கண்ணை மூடும் இடத்துக்குச் சற்று அப்பால். 1.2 மைக்ரோமீட்டர் அருகே உள்ள மெலிந்த தடயத்தை வைத்துச் சமாளிக்கிறார்கள். 1.9 வரை நீட்டிய குவாண்டம் புள்ளிக் கேமராவை வாடகைக்கு எடுத்துச் சோதித்துப் பார்க்கத் தகுந்த இடம் இதுதான்.

மாணவர் விஷயத்தில், பொருளைவிட உங்கள் துறையில் நிற்கும் கருவியே முடிவுசெய்யட்டும். நைட்ரஜன் கையுறைப் பெட்டியும் வேதியியல் கைப்பழக்கமும் இருந்தால் காரீயமற்ற புள்ளிகளை எடுங்கள். ஐந்து ஆண்டுகளில் சொல்லத்தக்க ஒன்று கிடைக்கும். ஜெர்மானியம்-வெள்ளீயத்துக்கு வாயு வழி படிகம் வளர்க்கும் உலை வேண்டும். அது இன்னொரு ஊரில் இருந்து, மாதம் இரண்டு நாள் முறை வைத்துக் கிடைக்கிறதென்றால் அந்தத் தலைப்பைத் தொட வேண்டாம். இரண்டும் இல்லாத கல்லூரி ஆய்வகத்துக்கு, காரீய செலினைடு படலத்தின் சீர்மையைக் கூட்டுவது இன்றும் நேர்மையான, முடிக்கக்கூடிய வேலை.

தொழில்முனைவோர் பணத்தை எடுக்குமுன் ஒன்று செய்யலாம். ஒற்றை இண்டியம் காலியம் ஆர்சனைடு ஃபோட்டோடயோடு, ஒரு ஹாலஜன் விளக்கு, 1,300-க்கும் 1,450-க்கும் ஆன இரண்டு வடிகட்டிகள்: கேமரா விலையின் ஒரு சிறு பங்குக்குள் இவை அடங்கிவிடும். உங்கள் ஆலையிலிருந்தே நூறு பருப்பும் நூறு கல்லும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரு வடிகட்டிகளிலும் வரும் மின்னழுத்தங்களின் விகிதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு குவியல்களின் விகிதங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தெளிவாக விலகி நின்றால் கேமராவைப் பற்றி யோசிக்கலாம்; கலந்து கிடந்தால், மேலே சொன்ன எந்தப் பொருளை வாங்கினாலும் அவை கலந்தேதான் கிடக்கும்.